பொது நிலப் பாதுகாப்பும் வன இலாகாவின் ஒத்துழைப்பும்

சேந்தமங்கலத்தின் கீழ்த்திசையில் கொல்லிமலை மதிலைப் போல் நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, காரவள்ளி முதலிய அடிவார ஊர்களைக் கடந்து, சமவெளியின் ஏரிகளுக்கும் கிணற்று ஊற்றுகளுக்கும் வந்து சேருகின்றது. இவ்வட்டாரத்துக் குடியானவர் மரவள்ளிக்கும் நிலக்கடலைக்கும் வெங்காயத்திற்கும் நம்பியிருப்பது இந்நீரையே. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறும் அங்கத்தினர் தம் பட்டாவையும் சிட்டாவையும் கொண்டுவந்து காட்டுகின்றார். சங்கமும் அதைப் பார்த்துக் கடன் வழங்குகின்றது. ஆனால் அந்தப் பட்டா நிலத்திற்கு உயிர் கொடுக்கும் ஓடையோ, ஓடைக்கரை மரமோ, ஏரியின் நீர்ப்பிடிப்போ எவர் பட்டாவிலும் இல்லை. கடன் தவணை தவறுவதற்குரிய காரணங்களைச் சங்கத்தின் பேரேடுகளில் தேடினால், அங்கத்தினரின் அசட்டை ஒரு பங்கு எனின், இந்தப் பட்டாவில்லாத நிலத்தின் சீர்கேடு மற்றொரு பங்காக இருக்கும். ஆகவே பொது நிலத்தைக் காப்பது வன இலாகாவின் வேலை என்று சங்கத்தார் ஒதுங்கி நிற்பது சரியன்று. அவர்களுடைய கடனுக்குரிய மெய்யான ஈடு அதுவேயாகும்.

பொது நிலம் என்று ஒரே சொல்லால் குறித்தாலும், அதற்கு எஜமானர் பலர். மலைச்சரிவில் பெரும்பகுதி காப்புக்காடு. அது வன இலாகாவின் அதிகாரத்தில் உள்ளது. காட்டெல்லைக் கல்லைத் தாண்டிக் கீழே இறங்கியவுடன் ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து, மந்தைவெளி என்று வருவனவெல்லாம் வருவாய் இலாகாவின் கணக்கில் அடங்கும். ஏரியோவெனில், 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையதானால் ஊராட்சி ஒன்றியத்தைச் சாரும். அதற்கு மேற்பட்டதானால் நீர்வள இலாகாவைச் சாரும். ஒரே மழைத்துளி மலையுச்சியிலிருந்து வயலுக்கு வருவதற்குள் நான்கு கச்சேரிகளின் வாசலைக் கடக்கின்றது. காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் தேவாங்கிற்கும் இந்த எல்லைக்கற்கள் தெரியா. பன்றி இரவில் காப்புக்காட்டை விட்டு இறங்கி, ஓடைப்புதரில் பகலைக் கழித்து, அடுத்த இரவில் பட்டா நிலத்து மரவள்ளியைக் கிண்டுகின்றது. நஷ்டமடைந்த குடியானவர் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்றால் வனவரைப் பார்க்கச் சொல்வதும், வனவரிடம் சென்றால் அது புறம்போக்கில் நடந்ததென்று பதில் வருவதும் அடிவார ஊர்களில் புதுமையன்று. இரண்டு இலாகாக்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்ளும் காலத்தில் ஒரு மரவள்ளிப் பயிர் முளைத்து முற்றி அறுவடையும் ஆகிவிடும்.

இந்தப் பிரிவினை பழமையானது. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தபோது, அதுவரை ஊர்ப்பொதுவாக இருந்த மேய்ச்சலும் விறகும் தழையுரமும் பல இடங்களில் எல்லைக்கல்லுக்கு அப்பால் சென்றன. ஜனங்களின் மனத்தாங்கல் மிகுந்ததன்பேரில் மாகாண சர்க்கார் ஒரு குழுவை நியமித்தது. 1913-இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, கிராமத்தாரின் உபயோகத்திற்கே உரிய சிறு காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளின் நிர்வாகத்தில் விடலாமென்று யோசனை கூறியது. அதன்படி மாகாணத்தின் பல ஜில்லாக்களில் காட்டுப் பஞ்சாயத்துகள் ஏற்பட்டன. 1920-களில் அவற்றின் மேற்பார்வை வன இலாகாவிடமிருந்து வருவாய் இலாகாவிற்கு மாறியது. காலப்போக்கில் அந்த ஏற்பாடு மங்கிப்போயிற்று. ஊர்ச்சபையும் வன இலாகாவும் ஒரே நிலத்திற்குச் சேர்ந்து பொறுப்பேற்கலாம் என்னும் எண்ணம் நூறாண்டுகளுக்கு முன்னரே சட்டபூர்வமாகப் பரீட்சிக்கப்பட்டது என்பதற்காகவே இதனை இங்கு நினைவூட்ட வேண்டியிருக்கின்றது.

அதற்கும் முந்திய ஓர் உதாரணம் செங்கற்பட்டு ஜில்லாவின் வேடந்தாங்கலில் உள்ளது. அவ்வூர் ஏரியில் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆண்டுதோறும் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரிநீரில் கலப்பதால் அந்நீர் பாயும் நெல்வயலுக்கு எருவின் செலவு குறைகின்றது என்பதை அவ்வூர்க் குடியானவர்கள் விஞ்ஞானிகள் சொல்வதற்கு முன்பே அறிந்திருந்தனர். கம்பெனிச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் சேர்ந்து ஜில்லா கலெக்டரிடம் முறையிட்டதாகவும் சொல்லப்படுகின்றது. 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பார், அவ்வேரியில் பறவைகளைச் சுடலாகாது என்று ஊராருக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். ஊரார் அத்துடன் இருந்துவிடவில்லை. அறுபது ஆண்டுகள் கழிந்து, 1858-இல், தங்கள் உரிமையை அன்றைய கலெக்டரிடம் மறுபடியும் உறுதிசெய்து எழுதி வாங்கினர். 1936-இல் அவ்விடம் பறவைகள் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 1998-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் அளவும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இதில் நோக்கத்தக்கது ஒன்று. ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 எக்டேர், அதாவது 75 ஏக்கர்தான். ஊரார் செலவழித்த பணமும் அதிகமன்று. அவர்கள் செய்ததெல்லாம், தாம் ஏற்கெனவே நடத்திவந்த ஒரு வழக்கத்தை அதிகாரியின் கையொப்பமுள்ள காகிதமாக மாற்றிக்கொண்டதும், அந்தக் காகிதத்தைத் தலைமுறை மாறினாலும் தொலைக்காமல் வைத்துப் புதுப்பித்துக்கொண்டதுமேயாகும். கலெக்டர்கள் மாறினர், கம்பெனி போய் மகாராணியின் ஆட்சி வந்தது, அதுவும் போயிற்று. காகிதம் நின்றது.

நம் காலத்திற்கு அண்மையில் நடந்தது திருநெல்வேலி ஜில்லாவின் திருப்புடைமருதூர்ச் செய்தி. தாமிரபரணியும் கடனாநதியும் கூடுமிடத்தில் நாறும்பூநாத சுவாமி கோயிலைக் கொண்ட அவ்வூரில், மருதமரங்களிலும் பிற பெருமரங்களிலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதுண்டு. ஊரார் அவற்றைத் தம் விருந்தினராக எண்ணிக் காத்துவந்தனர். பின்னர் அவர்களே வன இலாகாவினரிடம் சென்று, தம் ஊரின் பறவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று கேட்டனர். அதன்மேல் 2005 பிப்ரவரி 14-ஆம் தேதி 2.84 எக்டேர், அதாவது ஏழு ஏக்கர் அளவுள்ள இடம் பாதுகாப்பு ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. தேசத்திலேயே இவ்வகையில் முதலாவது ஒதுக்கம் அதுவே. சிறிய நிலம் என்று வன இலாகா ஒதுக்கிவிடவில்லை என்பதையும், முதல் அடியை ஊரே எடுத்து வைத்தது என்பதையும் அடிவார ஊர்களில் உள்ளவர்கள் மனத்தில் கொள்வது நலம்.

அவ்விதம் கேட்பதற்குச் சட்டம் இப்போது திறந்துவைத்திருக்கும் வாசல்கள் மூன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவுகளில் இரண்டு அடங்கியுள்ளன. சர்க்காருக்கு உரிய நிலமானால், அப்பகுதி ஜனங்களைக் கலந்துகொண்டு அதைப் பாதுகாப்பு ஒதுக்கமாக அறிவிக்கலாம். அதன் நிர்வாகத்திற்கு ஆலோசனை கூறும் குழுவில் அவ்விடத்துக் கிராமப் பஞ்சாயத்துகள் ஒவ்வொன்றிற்கும் ஒரு பிரதிநிதி உண்டு. தனியாரோ சமூகத்தாரோ தம் நிலத்தைக் காட்டுயிர்களுக்காகத் தாமே முன்வந்து காக்க விரும்பினால், அதைச் சமுதாய ஒதுக்கமாக அறிவிக்கலாம். சமூகத்தாரின் நிலமானால் இதன் நிர்வாகக் குழுவிற்குக் குறைந்தது ஐந்து பேரைக் கிராமப் பஞ்சாயத்து நியமிக்கும்; பஞ்சாயத்து இல்லாத இடத்தில் கிராம சபையின் அங்கத்தினர்கள் நியமிப்பார்கள். அப்படி அறிவித்தபின் அந்நிலத்தின் உபயோகத்தை மாற்ற வேண்டுமானால் அக்குழுவின் தீர்மானமும் மாநில சர்க்காரின் ஒப்புதலும் வேண்டும். மூன்றாவது வாசல் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்மச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. ஸ்தல ஸ்தாபனங்களைக் கலந்து, பல்லுயிர்கள் செறிந்த இடங்களைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக மாநில சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கலாம். அதனால் பொருளாதார நஷ்டமடைவோர் இருப்பின் அவர்களுக்கு ஈடுசெய்யும் திட்டம் வகுக்க வேண்டிய கடமையும் அதே பிரிவில் சர்க்காருக்கு விதிக்கப்பட்டுள்ளது.

இம்மூன்றாவது வாசலின் வலிமையும் அதன் எல்லையும் மதுரை ஜில்லாவின் அரிட்டாபட்டியில் தெளிவாகப் புலப்பட்டன. அதனைச் சற்று விரிவாகவே அறியவேண்டும்.

மேலூருக்கு அருகில் ஏழு குன்றுகளைக் கொண்டது அரிட்டாபட்டி. அக்குன்றுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துக் கல்வெட்டுகளும், சமண முனிவரின் படுக்கைகளும், குடைவரைக் கோயிலும் உள்ளன. குன்றுகளில் விழும் மழையைக் கொண்டு நிறையும் ஏரிகளும் சுனைகளும் அநேகம். லகுடு, ஷாஹீன் என்னும் வல்லூறு வகைகளும், ராஜாளிப் பருந்தும், தேவாங்கும் எறும்புத்தின்னியும் அங்கு வாழ்கின்றன. பறவைகள் மாத்திரம் 250 வகை என்று கணக்கெடுத்திருக்கின்றனர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.42 எக்டேர், அதாவது சுமார் 478 ஏக்கர், தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்போது இது ஒரு பெயர்ப்பலகைச் செய்தி என்று எண்ணியவர்கள் உண்டு.

இரண்டாண்டுகள் கழிந்தன. 2024 நவம்பர் 7-ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பாளம் என்ற பெயரில் 2,015.51 எக்டேர், அதாவது ஏறக்குறைய 4,980 ஏக்கர் நிலத்தின் சுரங்க ஏலத்தில் வென்ற கம்பெனியின் பெயரை மத்திய சர்க்கார் வெளியிட்டது. அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டிக் குன்றுகளும் அடங்கியிருந்தன. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கலங்கினர். அம்மாதம் நடந்த கிராம சபைகளில் ஏலத்திற்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9-ஆம் தேதி மாநிலச் சட்டசபையும் அவ்வாறே தீர்மானித்தது. மத்திய சுரங்க மந்திரி காரியாலயம் டிசம்பர் மாதக் கடைசியில் வெளியிட்ட குறிப்பில், மேற்படி 2,015.51 எக்டேரில் 193.215 எக்டேர் பல்லுயிர்த் தலத்தைச் சார்ந்தது என்று ஒப்புக்கொண்டு, அப்பகுதியை நீக்கிப் பாளத்தின் எல்லையைத் திரும்ப வரையலாமா என்று ஆராயும்படி இந்திய நிலவியல் ஆய்வு ஸ்தாபனத்தைக் கேட்டுக்கொண்டது.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். கெஜட்டில் அறிவிக்கப்பட்ட நிலம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கே. அந்தப் பத்தில் ஒரு பங்கைத்தான் அதிகாரிகள் முதலில் விட்டுக்கொடுக்க முன்வந்தனர். ஏனெனில் அதற்குத்தான் சர்க்காரின் ஏட்டில் பெயர் இருந்தது. மிச்சமுள்ள ஒன்பது பங்கில் ஏரி இல்லையா, கோயில் இல்லையா, மேய்ச்சல் இல்லையா? இருந்தன. ஆனால் அவை அப்பெயரால் எழுதப்படவில்லை. ஊரார் அந்தப் பாதிச் சலுகையை ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு ஊர்வலமாகச் சென்றனர். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஏலம் முழுவதையும் ரத்து செய்தது. பத்தில் ஒரு பங்கிற்கு இருந்த அறிவிப்பு, மற்ற ஒன்பது பங்கின் வழக்கிற்கும் ஊன்றுகோலாயிற்று என்றே கொள்ளவேண்டும். வெறும் நிலத்தைப் பற்றிய சண்டையாக இருந்திருப்பின் அது இவ்வளவு விரைவில் முடிந்திராது.

கொல்லிமலைக்கும் இவ்விஷயம் அந்நியமன்று. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக அம்மலையின் மேலே தாதுப்பாறை வெட்டி எடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை முதியோர் அறிவர். அதே மலையின் மலையாளிக் குடிகள் தம் தெய்வங்களுக்கென்று விட்டுவைத்த சாமிச் சோலைகள் பல இன்றும் உள்ளன. கோடரி படாத அச்சோலைகளின் அடியில் ஊற்றுகள் சுரப்பதை மலைமேல் போனவர் கண்டிருப்பர். சோலை சிறிதாயிற்றே, இதற்கு எந்தச் சட்டம் வரும் என்று கேட்பார்க்குத் திண்டுக்கல் ஜில்லாவின் நத்தம் அருகிலுள்ள காசம்பட்டி விடையாக இருக்கின்றது. அங்கே வீரகோயில் என்னும் கோயிற்காடு 4.97 எக்டேர், அதாவது பன்னிரண்டேகால் ஏக்கர் மாத்திரமே. 2025 மார்ச்சு மாதத்தில் அது தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று.

இனி, ஜனங்களின் அச்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது நியாயமான அச்சம். வன இலாகாவின் காவலர் ஓடைக்கரைக்கு வந்துவிட்டால் ஆடு மேய்க்க முடியாது, சுள்ளி பொறுக்க முடியாது, சீமைக் கருவேலை வெட்டக்கூட அநுமதிச் சீட்டு வேண்டும் என்று அடிவாரத்தார் எண்ணுவது 1882 முதல் பட்ட அநுபவத்தால் வந்தது. அதைப் பேதமை என்று தள்ளுகிறவர் ஊருக்கு நன்மை செய்பவர் ஆகார். ஆனால் காப்புக்காடு வேறு, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் வேறு. பின்னதில் ஊரார் தொன்றுதொட்டு நடத்திவரும் வழக்கங்களுக்கு, அவர்களே மனமொப்பி ஏற்றுக்கொண்டாலன்றி, தடை விதிக்கலாகாது என்று தேசியப் பல்லுயிர்ம ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆகவே கேட்பதற்கு முன்னரே ஊர்ச்சபை தன் வழக்கங்களைத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். இன்ன மாதத்தில் இன்ன புல எண்ணில் மேய்ச்சல் உண்டு, ஏரி வண்டல் எடுப்பது உண்டு, ஆடிப் பண்டிகைக்கு ஓடைவழியே சாமி வருவது உண்டு என்று எழுதாமல் விட்டால், பின்னால் வரும் அதிகாரி அவை இல்லை என்றே கொள்வார். அவர்மேல் குறை சொல்லிப் பயனில்லை.

எழுதி வைப்பதற்கென்றே ஓர் ஏடு சட்டத்தில் உண்டு. ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் பல்லுயிர்ம மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்கவேண்டும். அக்குழு ஊராரைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்கவேண்டும். ஊரின் மரம், மூலிகை, கால்நடை இனம், பறவை, மீன், பழைய விதை, நீர்நிலை, அவற்றை உபயோகிக்கும் வழக்கம் ஆகிய எல்லாம் அதில் ஏறவேண்டும். சட்டம் வந்து பதினேழு ஆண்டுகளாகியும் தேசத்தின் பெரும்பாலான ஊர்களில் இது நடைபெறாததைக் கண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2019-இல், 2020 ஜனவரி 31-க்குள் எல்லா ஊர்களிலும் குழுவும் ஏடும் முடிந்திருக்கவேண்டும், தவறினால் மாநிலங்கள் மாதம் பத்து இலட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவின் வேகத்தில் ஏடுகள் பெருகின. அவசரத்தில் பெருகிய ஏட்டின் லட்சணம் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தவர்களுக்குத் தெரியாததன்று: அட்டை புதிதாக இருக்கும், கையெழுத்து ஒன்றாக இருக்கும், அடுத்த ஊரின் மரமும் பறவையும் இந்த ஊரில் வந்து அமர்ந்திருக்கும். சேந்தமங்கலம் வட்டாரத்து ஊர்கள் தத்தம் ஏட்டை ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்ப்பது உத்தமம். ஓடையின் பெயர்கூட அதில் இல்லையெனில், ஆட்டுக்காரரையும் மருத்துவச்சியையும் மீன் பிடிப்பவரையும் உட்காரவைத்து மறுபடியும் எழுதலாம். ஏட்டைத் திருத்த எவர் உத்தரவும் வேண்டுவதில்லை.

இவ்வளவும் காட்டுயிரைக் காப்பதைப் பற்றியது. பயிரைக் காப்பது எப்படி என்று கேட்கும் அங்கத்தினர்க்கு விடை சொல்லாமல் இதனை முடிப்பது அவர்களைப் பரிகசிப்பதாகும். சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஜவ்வரிசித் தொழிலுக்கு ஆதாரமான மரவள்ளி, பன்றிக்கு மிகவும் பிரியமான உணவு. கிழங்கு முற்றி வரும் பருவத்தில் ஒரு கூட்டம் ஓர் இரவு இறங்கினால், பத்து மாத உழைப்பு விடிவதற்குள் சேறாகிவிடும். இதற்குச் சிலர் தேடும் பரிகாரம் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும். அவுட்டுக்காய் பன்றியின் வாயை மட்டும் அன்றி மேய்ச்சலுக்குப் போன பசுவின் வாயையும் சிதறடிக்கின்றது. நேர்மின்கம்பியிலிருந்து இழுத்த வேலி, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரைக் கொல்லுகின்றது. வேலி போட்டவர் கொலைக்குற்றத்திற்கு ஈடான வழக்கில் நிற்கின்றார். சூரிய சக்தியால் இயங்கும் முறையான வேலிக்கும் 2023-ஆம் ஆண்டின் விதிகளின்படிப் பதிவும் அநுமதியும் வேண்டும்.

2025 ஜனவரியில் மாநில சர்க்கார் காட்டுப்பன்றி விஷயமாக ஓர் ஏற்பாட்டை வெளியிட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை வன இலாகாவினர் பிடித்துக் காட்டிற்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வன ஊழியர்கள் சுடலாம். எதுவாயினும் குடியானவர் தாமாகச் செய்வதற்கில்லை. ஒவ்வொரு ஊரிலும் பஞ்சாயத்துத் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனவர் ஆகியோர் அடங்கிய குழுவின் மூலமாக வனச்சரகரிடம் போகவேண்டும். ஊர்ச்சபைக்கும் வருவாய் இலாகாவிற்கும் வன இலாகாவிற்கும் ஒரே மேசை போடப்பட்டிருப்பது இதன் விசேஷம். தொடக்கத்தில் விவரித்த அலைச்சலுக்கு இதுவே நேரான மாற்று.

ஆனால் இந்த ஏற்பாட்டில் அடிவார ஊர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மலையை ஒட்டியுள்ள தோட்டங்களில் பல முதல் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பன்றியால் அதிகம் கெடுவதும் அவையே. சுடுவதற்கோ பிடிப்பதற்கோ வழியில்லாததும் அவற்றிற்கே. அங்கே எஞ்சியிருக்கும் வழி, நஷ்ட ஈட்டு மனுவைக் காலதாமதமின்றிப் போடுவதும், ஓடைப் புறம்போக்கைச் சீர்செய்வதுமாகும். பன்றி பகலில் படுப்பதற்குச் சீமைக் கருவேலைப் புதரை விரும்புகின்றது. ஓடைக்கரையில் அது மண்டிக் கிடக்குமளவும் காட்டிலிருந்து தோட்டம் வரை பன்றிக்கு மூடுபாதை கிடைத்ததாகவே பொருள். அதை வன இலாகாவைக் கலந்து வேரோடு நீக்கி, புங்கன், நாவல், மருது முதலிய நாட்டு மரங்களை வைத்தால் கரை நிற்கும், நிழல் உண்டாகும், அடர்புதர் உண்டாகாது. பறவைக்கு நல்லதும் பயிருக்கு நல்லதும் இங்கே ஒரே வேலையாக முடிகின்றன. நாற்று வன இலாகாவின் பண்ணையிலிருந்து வரலாம், குழி வெட்டும் கூலி ஊரக வேலைத் திட்டத்திலிருந்து வரலாம், நிலமோ வருவாய் இலாகாவினுடையது. மூவரையும் ஒரு நாளில் ஓடைக்கரைக்கு அழைத்து வரும் கடிதம் மட்டும் ஊரிலிருந்துதான் போகவேண்டும்.

அக்கடிதத்திற்கு அடிப்படை கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களை ஒட்டிக் கிராம சபைகள் கூடுகின்றன. மார்ச்சு 22 உலகத் தண்ணீர் தினமாதலால் ஓடையைப் பற்றிய பிரேரணைக்கு அது பொருத்தமான நாள். சேந்தமங்கலம் பேரூராட்சியானதால் அதற்குக் கிராம சபை இல்லை. அவ்வூரார் பேரூராட்சி மன்றத்தின் மூலமாகவோ, 2022 முதல் கூடிவரும் பகுதி சபைகளின் மூலமாகவோ கேட்கவேண்டும். நாமக்கல் ஜில்லாவின் ஊராட்சிகளில், 2019 தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவர் இல்லையே, யார் பிரேரிப்பது என்ற தயக்கம் பல ஊர்களில் அப்போது எழுந்தது. கிராம சபை வாக்காளர்களின் சபையேயன்றித் தலைவரின் சபையன்று. வாக்காளர் எவரும் பிரேரிக்கலாம்.

தீர்மானத்தில் என்ன எழுதுவது? “இயற்கையைக் காக்க வேண்டுமாய் இச்சபை கேட்டுக்கொள்கிறது” என்று எழுதினால் அது கோப்பில் உறங்கும். ஓடையின் பெயர், அ பதிவேட்டில் உள்ளபடிப் புல எண், விஸ்தீரணம், புலப்படத்தின் நகல், ஆக்கிரமிப்பு உள்ள இடம், கூடு கட்டும் மரங்களின் எண்ணிக்கை, சென்ற பருவத்தில் பன்றியால் கெட்ட பயிரின் அளவு, அப்பயிரின் மேல் சங்கத்தில் உள்ள கடன் நிலுவை ஆகியவற்றை எழுதவேண்டும். கடைசியாகச் சொன்ன கணக்கைச் சங்கத்தின் செயலாளரால்தான் தரமுடியும். வேறெந்தக் கச்சேரியிலும் அது கிடைக்காது. சங்கத்தின் நிர்வாகக் குழு அக்கணக்கைத் தன் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற்றி, அதன் நகலைத் தீர்மானத்தோடு இணைக்கலாம். கோரிக்கையோ சுருக்கமாக ஒன்றே இருக்கட்டும்: வனச்சரகர், வருவாய் ஆய்வாளர், வட்டார வளர்ச்சி அலுவலர் மூவரும் ஒரே நாளில் அவ்விடத்தைச் சேர்ந்து பார்வையிட்டு, கண்டதை எழுத்தில் தரவேண்டும் என்பது. பாதுகாப்பு ஒதுக்கமா, பாரம்பரியத் தலமா, புதர் நீக்கமா என்பதை அந்தப் பார்வைக்குப்பின் பேசலாம்.

தீர்மானத்தின் நகல்கள் மூன்று போகவேண்டும்: நாமக்கல் ஜில்லா வன அலுவலருக்கு ஒன்று, ஜில்லா கலெக்டருக்கு ஒன்று, மாநிலப் பல்லுயிர்ம வாரியத்திற்கு ஒன்று. மூன்றையும் ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பி, சீட்டுகள் திரும்பி வந்ததும் அவற்றைத் தீர்மானப் புத்தகத்தின் அதே பக்கத்தில் ஒட்டி வைக்கவேண்டும்.